தினமும் மீன் வாங்கும் வீட்டில் புரதக் குறைவு: குமரி மாவட்டத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

71 வயதுப் பெண். கருங்கல் பக்கத்துக் கிராமம். இளம் வயதில் தொடங்கி முழங்கால் ஒத்துழைத்த வரைக்கும் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவர், பருப்பின் தோல் உரித்தவர். கணவர் இறந்துவிட்டார். மகன், மருமகள், எட்டாம் வகுப்பு படிக்கும் பேரன் ஆகியோருடன் இருக்கிறார். 14 ஆண்டுகளாகச் சுகர், அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் பிரஷர். ஒரு பொது மருத்துவர் ஜூலை மாதம் இவரை உணவு ஆலோசனைக்காக என்னிடம் அனுப்பினார். எடை குறைகிறது, காலில் புண் ஆறவில்லை என்று சீட்டில் எழுதியிருந்தார். அடையாளம் தெரியாமல் இருக்க இங்கே சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குமரி மாவட்டத்தில் புரதக் குறைவு என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். தேங்காய்ப்பட்டணமும் குளச்சலும் முட்டமும் பக்கத்தில் இருக்க, காலையில் மீன் வண்டியின் ஹாரன் கேட்காத தெருவே இல்லை. இந்த வீட்டிலும் வாரத்தில் ஐந்து நாளாவது மீன் வாங்கினார்கள். பலசரக்கில் பயறு இருந்தது, ரேஷன் துவரம்பருப்பு இருந்தது, முட்டையும் இருந்தது. ஆனாலும் இந்த அம்மாவின் தட்டுக்கு அவற்றில் ஏறக்குறைய எதுவும் வந்து சேரவில்லை. அது எப்படி நடந்தது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வந்தபோது இருந்த நிலை

எடை 44.2 கிலோ. முந்தைய அக்டோபரில் ஒரு மருத்துவச் சீட்டில் 51 என்று பதிவாகியிருந்தது. மே மாதத்தில் கிணற்றடியில் விழுந்திருக்கிறார், ஜூனில் மறுபடியும். முதல் தடவை விழுந்தபோது முன்னங்காலில் ஏற்பட்ட சிராய்ப்பு ஏழு வாரமாகியும் மூடவில்லை. ஓரத்தில் சீழ் இருந்தது. இரண்டு கணுக்காலிலும் வீக்கம், விரலால் அழுத்தினால் குழி விழும். முடி கொட்டுகிறது. "எந்திரிக்கணும்னா எதையாவது பிடிச்சாத்தான் உண்டு" என்றார்.

கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னோம். கையை ஊன்றாமல் இரண்டு முறைக்கு மேல் முடியவில்லை. கைப்பிடி வலு 13 கிலோ. ஆசிய நாடுகளுக்கான தசைத் தளர்ச்சி அளவுகோல் 2019-இல் திருத்தப்பட்டது. அதன்படி பெண்களுக்குக் கைப்பிடி வலு 18 கிலோவுக்குக் குறைந்தாலோ, ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனாலோ தசையைச் சந்தேகிக்க வேண்டும். இவர் இரண்டிலும் வெகு தூரம் பின்தங்கியிருந்தார். கெண்டைக்காலின் சுற்றளவு 30 செ.மீ. 33-க்குக் கீழே போனாலே குறைவு. அதிலும் இந்த 30-இல் வீக்கத்தின் நீரும் சேர்ந்திருக்கிறது. உண்மையான சதை இன்னும் குறைவு என்பதை மனதில் வைத்துக்கொண்டோம்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.1, மூன்று மாதச் சர்க்கரை சராசரி 7.4, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.8, ரத்தத்திலுள்ள புரதமான ஆல்புமின் 3.1, அழற்சியைக் காட்டும் சிஆர்பி 22, வைட்டமின் பி12 மிகக் குறைவு. சிறுநீரில் புரதக் கசிவு இல்லை. கல்லீரலும் தைராய்டும் சரி. இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்து, கோளாறு இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஆல்புமின் குறைவு, அதனால் புரதம் போதவில்லை என்று உடனே எழுதிவிடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அது சரியல்ல. உடம்பில் கிருமித்தொற்றோ அழற்சியோ இருந்தால், நன்றாகச் சாப்பிடுகிறவருக்கும் ஆல்புமின் இறங்கும். இவருக்குக் காலில் சீழ் இருந்தது, சிஆர்பியும் ஏறியிருந்தது. எனவே ஆல்புமினை ஒதுக்கி வைத்துவிட்டு, எடை, பிடிவலு, எழுந்து நிற்கும் திறன், சாப்பாடு ஆகிய நான்கையும்தான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

தட்டில் என்ன இருந்தது

"என்ன சாப்பிடுறீங்க" என்று கேட்டால் யாரும் பொய் சொல்வதில்லை. வீட்டில் சமைத்ததைச் சொல்வார்கள், அவ்வளவுதான். இவரும் அப்படித்தான் தொடங்கினார்: காலையில் இட்லி, மத்தியானம் சோறும் மீன்கறியும், ராத்திரி மரச்சீனியோ (மரவள்ளிக்கிழங்கு) கோதுமைக் கஞ்சியோ. கேட்பதற்கு நல்ல சாப்பாடு. மருமகள் கூட வந்திருந்ததால் ஒவ்வொரு வேளையையும் தனித்தனியாகத் தோண்ட முடிந்தது.

இட்லி என்பது மற்றவர்களுக்கு. இவர் காலையில் பால் விடாத கட்டன் சாயாவில் இரண்டு ரஸ்க் நனைத்துச் சாப்பிடுகிறார். கீழ்ப்பல் வரிசை முழுவதும் போய்விட்டது, பல் செட் வாங்கிப் பெட்டியில் கிடக்கிறது. பதினொரு மணிக்குக் கொஞ்சம் கஞ்சியும் ஊறுகாயும். மத்தியானம் ஒரு சிறிய கிண்ணம் சோறு, வெள்ளரிக்காயோ கீரையோ தேங்காய் சேர்த்து வதக்கிய துவரன். மீன்கறி உண்டு, மீன் இல்லை.

"எனக்கு எதுக்கு மக்களே மீனு? சாறு போரும். பய வளருற பிள்ளை, அவன் தின்னட்டும்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டார். பேரனுக்கு மூன்று துண்டு, மகனுக்கு மூன்று. மிச்சமிருந்தால் மருமகளுக்கு. அந்தப் பையன் அரசுப் பள்ளியில் படிக்கிறான். பள்ளி நாட்களில் சத்துணவில் முட்டையும் கிடைக்கிறது. அந்த வீட்டில் புரதத்துக்குக் கவலையே இல்லாத ஒரே ஆள் அவன்தான்.

சாயங்காலம் சிறிதளவு பால் விட்ட சாயா, ஒரு மட்டிப்பழம். ராத்திரி அவித்த மரச்சீனி அல்லது கோதுமைக் கஞ்சி. சில நாள் அதுவும் வேண்டாம் என்று படுத்துவிடுவார். சுகருக்குச் சோற்றைக் குறைக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை அவர் சொன்னபடியே செய்திருக்கிறார். குறைத்த இடத்தில் வேறு எதை வைப்பது என்று யாரும் சொல்லவில்லை.

கணக்குப் போட்டேன். ரஸ்க் இரண்டில் 2 கிராம் புரதம். கஞ்சிக்குப் போன 40 கிராம் அரிசியில் 3, ஊறுகாயில் ஒன்றுமில்லை. மத்தியானம் 60 கிராம் அரிசியில் ஏறக்குறைய 5, துவரனும் தேங்காய் அரைத்த சாறும் சேர்ந்து 2. சாயங்காலம் 2. ராத்திரி 4. மொத்தம் 18 கிராம்.

மீன்சாறில் மீனின் ருசி இருக்கும், உப்பும் புளியும் எண்ணெயும் இருக்கும். புரதம் சதையோடு தங்கிவிடுகிறது. எலும்பு சூப் பற்றியும் நம் வீடுகளில் இதே மயக்கம்தான்.

44 கிலோ எடைக்கு 18 கிராம் என்றால் கிலோவுக்கு 0.4 சொச்சம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும். சராசரித் தேவை 0.66. வயதானவர்களுக்கு 1.0 முதல் 1.2 வரை வேண்டும் என்று முதுமை மருத்துவ வல்லுநர் குழுக்கள் சொல்கின்றன. புண்ணோ நோயோ இருந்தால் அதற்கும் மேலே. எந்த அளவுகோலை எடுத்தாலும் இவர் அதற்கு வெகு கீழேதான் இருந்தார்.

இன்னொரு கணக்கும் உண்டு, பலர் அதைப் பார்ப்பதில்லை. அவருடைய ஒரு நாள் சாப்பாட்டின் மொத்தக் கலோரி ஆயிரத்தைத் தொடவில்லை. எரிசக்தி போதாதபோது, உள்ளே வரும் கொஞ்சப் புரதத்தையும் உடம்பு தசை கட்ட விடாது, அடுப்பு எரிக்க எடுத்துக்கொள்ளும். ஆகவே இவருக்குப் புரதத்தை மட்டும் ஏற்றினால் போதாது, சோறும் எண்ணெயும் சேர்ந்து ஏற வேண்டும். சுகர் உள்ளவரிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கும். இவருக்கும் சுருங்கியது.

வீக்கத்தின் கதை

சாறு மட்டும் போதும் என்பது பழைய பழக்கம்தான். ஆனால் முட்டையும் பயறும் பாலும் ஏன் நின்றன? அவற்றை அவர் முன்பெல்லாம் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மூன்று நான்கு சங்கதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்திருந்தன.

முந்தைய அக்டோபரில் பிரஷர் ஏறி, அம்லோடிபின் மாத்திரையை 10 மில்லிகிராமாகக் கூட்டியிருக்கிறார்கள். நவம்பரில் கார்த்திகை பிறந்ததும் மகன் சபரிமலைக்கு மாலை போட்டார். வீட்டில் மீனும் முட்டையும் நின்றன. டிசம்பரில் அம்மாவின் கால் வீங்கியது. அதே தெருவில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஒருவர் அதற்குச் சற்று முன்னர்தான் இறந்திருந்தார், அவருக்கும் முதலில் கால்தான் வீங்கியது. "சுகர்காரிக்குக் கால் வீங்கினா கிட்னிதான். பருப்பு, பயறு, முட்டை, மீனு ஒண்ணும் தொடாதே" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். மருந்துக்கடையில் கேட்டபோது அங்கும் தலையாட்டினார்கள். மகன் மாலையைக் கழற்றிய பிறகு வீட்டுக்கு மீன் திரும்பி வந்தது. அம்மாவுக்கு மட்டும் திரும்பவில்லை. பாலிலும் உப்பு உண்டு என்று யாரோ சொல்ல, சாயாவில் விடும் கொஞ்சம் தவிர அதுவும் போயிற்று.

அம்லோடிபின் கால் வீக்கம் தரும் மாத்திரை. அதிலும் 10 மில்லிகிராமில், பெண்களுக்கு, அடிக்கடி. சின்ன ரத்தக்குழாய்களை விரியச் செய்வதால் நீர் திசுவுக்குள் கசிகிறது. சிறுநீரகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிரியாட்டினின் 0.8, சிறுநீரில் கசிவில்லை, இரண்டு காலிலும் ஒரே அளவு வீக்கம், காலையில் குறைந்து மாலையில் கூடுவது, மாத்திரை கூட்டிய பிறகு தொடங்கியது. எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டின. இதை மருத்துவரிடம் எழுதி அனுப்பினேன், அவரும் அதையே நினைத்திருந்தார். மாத்திரையை மாற்றினார். நான்கு வாரத்தில் வீக்கம் வற்றியது.

ஒரு பேச்சுக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்தப் பத்தியம் தப்புதான். டயாலிசிஸ் வரை போகாத சிறுநீரக நோயாளிகளுக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் என்பதுதான் 2024-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். மாற்று அமினோ அமில மாத்திரைகள் சேர்க்காமல் புரதத்தைக் குறைக்கும் திட்டங்கள் 0.55 முதல் 0.6 வரைதான் இறங்கும், அதுவும் நிபுணர் கண்காணிப்பில். தளர்ந்துபோன முதியவர்களுக்கு அதைவிடக் கூட்டித் தருவது பற்றி யோசிக்கவும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. டயாலிசிஸில் இருப்பவருக்கோ புரதம் கூடுதலாக வேண்டும், 1.0 முதல் 1.2 வரை. நோய் இல்லாத இந்த அம்மா, நோய் முற்றியவருக்கான பத்தியத்தைவிடக் கடுமையான பத்தியத்தில் ஏழெட்டு மாதம் இருந்திருக்கிறார். புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற அரைகுறைச் செய்தியால் இந்த மாவட்டத்தில் எத்தனை வயதானவர்கள் தேய்ந்துகொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

புரதத்துக்கென்று உடம்பில் தனிச் சேமிப்புக் கிடையாது. கொழுப்புக்கு உண்டு, மாவுச்சத்துக்குக் கல்லீரலிலும் தசையிலும் கொஞ்சம் உண்டு. புரதம் குறைந்தால் எடுப்பதற்கு இருக்கும் பெரிய இடம் தசைதான். நாள்தோறும் உடம்பு 200 முதல் 300 கிராம் வரை புரதத்தை உடைத்துத் திரும்பக் கட்டுகிறது. உடைந்த அமினோ அமிலங்களில் பெரும்பகுதி மறுபடி பயன்படும், ஒரு பகுதி யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும். அப்படிப் போனதைச் சாப்பாடுதான் ஈடுகட்ட வேண்டும். இருபது அமினோ அமிலங்களில் ஒன்பதை நம்மால் செய்துகொள்ளவே முடியாது, வாய் வழியாகத்தான் வரவேண்டும். புண் மூடுவதற்கான கொலாஜன், கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள், ஹீமோகுளோபின், முடி எல்லாம் அதே மூலப்பொருளுக்காகப் போட்டியிடும்போது தொடைச் சதை கரைகிறது. இந்த அம்மா நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போனதும் கிணற்றடியில் விழுந்ததும் அந்தக் கணக்கில்தான் வரும்.

முழுவதும் அந்தக் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. இவர் பல ஆண்டுகளாகச் சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். அது பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பி12 கிடைப்பதே மீன், முட்டை, பால், இறைச்சியில்தான். அவை நான்கையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டார். பி12 குறைந்தால் நரம்பு தளரும், பாதத்தின் உணர்வு மங்கும், நடை தடுமாறும். மருத்துவர் பி12 ஊசி தொடங்கினார்.

மரச்சீனியும் சாளையும்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். மரச்சீனி சாப்பிட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று மகன் சொன்னார். மருமகளும் இனி வீட்டில் மரச்சீனி வாங்குவதில்லை என்றார். மரச்சீனி மேல் அத்தனை பழியைப் போட எனக்கு மனமில்லை.

இது நம் ஊர்ச் செடி அல்ல, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. திருவிதாங்கூரில் 1880-களில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிட ஊக்கப்படுத்தினார். இன்றைய குமரி மாவட்டம் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, கல்குளம், விளவங்கோடு பக்கத்து ஏழை வீடுகளின் அடுப்பில் மரச்சீனிதான் வெந்தது. அந்தத் தலைமுறையை உயிரோடு வைத்திருந்த கிழங்கு அது.

ஆனால் 100 கிராம் மரச்சீனியில் ஒரு கிராம் சொச்சம்தான் புரதம். அரிசியிலாவது 8 கிராம் உண்டு. போதாததற்கு மரச்சீனியில் சயனைடு தரும் பொருளும் இருக்கிறது. தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது பெரும்பகுதியைப் போக்கும். மிச்சத்தை உடம்பு கந்தகம் உள்ள அமினோ அமிலங்களைச் செலவழித்துத்தான் மாற்றி வெளியேற்றுகிறது. மெத்தியோனினும் சிஸ்டீனும் அந்த வகை. மீனில் அவை தாராளம். மரச்சீனியோடு சாளைக்கறி (சாளை என்பது மத்தி மீன்) என்ற கூட்டு எப்படி அமைந்ததோ, உடம்புக்கு அது பொருந்திப் போயிற்று. கஞ்சியும் பயறும் அப்படித்தான்: அரிசியில் லைசின் குறைவு, பயறில் அது நிறைய. பயறில் மெத்தியோனின் குறைவு, அரிசி அதை ஈடுகட்டும். நம் பழைய சாப்பாட்டின் பலம் இந்த ஜோடிகளில் இருந்தது. மீனை எடுத்துவிட்டு மரச்சீனியை மட்டும் விட்டால், பயறை எடுத்துவிட்டு ஊறுகாயைக் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டால், மிஞ்சுவது மாவு. இந்த வீட்டில் நடந்தது அதுதான்.

எனவே மரச்சீனியை நிறுத்தச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள், மீன் துண்டோடு மட்டும், அளவாக என்று சொன்னேன்.

மாற்றியவை

முதலில் டப்பா விஷயம். மகன் பாசத்தில் ஒரு புரதப் பொடி வாங்கி வைத்திருந்தார். தண்ணீரில் இரண்டு கரண்டி கலக்கி ஒரு வேளை. லேபிளைச் சேர்ந்து படித்தோம். இரண்டு கரண்டியில் வருவது ஏறக்குறைய 7 கிராம் புரதம், மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. டப்பாவின் விலையை அதன் வேளைகளால் வகுத்துக் காட்டியதும் மகன் வேறெதுவும் கேட்கவில்லை. விழுங்கவே முடியாதவர்களுக்கும் பெரிய அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்கும் பொடி உதவும், அதை மறுக்கவில்லை. இவருக்கு அது தேவைப்படவில்லை.

இலக்கு ஒரு நாளைக்கு 55 கிராம் என்று வைத்துக்கொண்டேன். எடைக்குக் கிலோவுக்கு 1.2-க்குச் சற்று மேல். ஒரே நாளில் 18-இலிருந்து 55-க்குத் தாவினால் வயிறு ஒத்துக்கொள்ளாது, மனதும் ஒத்துக்கொள்ளாது. முதல் வாரம் காலையை மட்டும் மாற்றினோம்.

காலைதான் மிக மோசமாக இருந்தது, 2 கிராம். முதிர்ந்த தசைக்கு ஒரு குணம் உண்டு: கொஞ்சம் கொஞ்சமாகப் புரதம் வந்தால் அது சரியாக எழுந்துகொள்வதில்லை. ஒரு வேளைக்கு 25 கிராம் போல வந்தால்தான் கட்டும் வேலை முழு வேகத்தில் நடக்கும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மூன்று வேளைக்கும் சமமாகப் பிரித்தே ஆக வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 2 கிராமில் நாளைத் தொடங்குவது எந்தக் கணக்கிலும் தேறாது.

ரஸ்க் போய், புட்டும் குழைய வெந்த சிறுபயறும் வந்தன. கூடவே ஓர் அவித்த முட்டை. 30 கிராம் பயறில் 6 முதல் 7 கிராம், புட்டுமாவில் 3, முட்டையில் 6. பல் இல்லாதவருக்குப் புட்டைப் பயறோடு பிசைந்து சாப்பிடுவது சிரமமில்லை. பதினொரு மணிக்குக் கஞ்சிக்குப் பதில் ஒரு டம்ளர் பால், அல்லது மோராக்காமல் தயிராகவே. அதில் 5. மத்தியானம் சோற்றோடு மூன்று நடுத்தரச் சாளை. முள்ளும் தலையும் போக 70 கிராம் சதை வரும், அதில் 12 முதல் 13 கிராம். சோறும் துவரனும் சேர்ந்து இன்னொரு 7. சாயங்காலம் பால் சாயாவோடு கருப்பட்டி சேர்க்காத உளுந்தங்கஞ்சி கொஞ்சம், 6 அல்லது 7. ராத்திரி இரண்டு தோசையும் கெட்டியான பருப்பும், 10 போல. கூட்டிப் பார்த்தால் இலக்கு வந்துவிடுகிறது.

கெட்டியான பருப்பு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஒரு கைப்பிடிப் பருப்பை நான்கு பேருக்கு, இரண்டு வேளைக்கு நீட்டினால் ஒரு கரண்டிக்கு என்ன வரும்? ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நால்வர் வீட்டில் அது ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் பருப்பு, அதாவது 2 கிராம் புரதம் கூட இல்லை. நல்ல திட்டம்தான், ஆனால் வீட்டுப் பருப்புத் தேவையை அதுவே தீர்த்துவிடும் என்று எண்ணக் கூடாது. இந்த வீட்டில் மாதம் இரண்டு கிலோ பயறும் காணமும் (கொள்ளு) கூடுதலாக வாங்கச் சொன்னேன்.

மீன் எது என்ற கேள்வி வந்தது. நெய்மீன் (வஞ்சிரம்) தான் சத்து என்று மகனுக்கு எண்ணம். சாளை, அயிலை, நெத்திலி மூன்றும் விலையில் கீழே, புரதத்தில் நெய்மீனுக்குச் சளைத்தவை அல்ல. சாளையில் நல்ல கொழுப்பும் அதிகம். நெத்திலியை முள்ளோடு தின்றால் கால்சியமும் சேரும், பல் இல்லாவிட்டாலும் புளி வைத்துக் குழம்பாக்கினால் கரையும். ஜூன், ஜூலையில் மேற்குக் கரையில் விசைப்படகுத் தடை, மீன் வரத்துக் குறைந்து விலை ஏறும். அந்த நாட்களில் இவர்கள் கருவாட்டுக்கு மாறுவார்களாம். கருவாட்டில் புரதம் செறிவாகத்தான் இருக்கிறது. பிரஷர் உள்ளவருக்கு அந்த உப்பு ஆகாது. தடைக்காலத்தில் முட்டையை இரண்டாக்கிக் கொள்வது என்று தீர்மானித்தோம்.

அப்புறம் பரிமாறும் வரிசை. இதைத்தான் நான் எளிதாக நினைத்தேன், இதுதான் நாளெடுத்தது. பேரனுக்குக் கொடுக்காமல் தான் தின்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. மாத்திரையைப் போல நினைத்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. கடைசியில் வழி கண்டுபிடித்தது மருமகள். சமைத்து இறக்கியதுமே மாமியின் மீனைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுவார். பேரனிடம், "பாட்டிக்குக் கால் புண் ஆறணும்னா அந்தக் கிண்ணம் காலியாகணும்" என்று சொல்லி அவனையே காவலுக்கு வைத்தார்.

தசைக்குப் புரதம் மட்டும் கொடுத்துப் படுக்க வைத்தால் பயனில்லை, அதற்கு வேலை வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் போட்டு, முதலில் கை ஊன்றி, பிறகு ஊன்றாமல், நாளுக்கு மூன்று தடவை எழுந்து உட்காரும் பயிற்சியை இயன்முறை மருத்துவர் கற்றுக்கொடுத்தார்.

எப்படிப் போனது

முதல் மாதம் எடை ஒரு கிலோ குறைந்து 43.1 ஆயிற்று. மகன் பதறிப்போய் போன் செய்தார். போனது வீக்கத்தின் நீர், சதையல்ல. இதை முன்னாடியே சொல்லி வைத்திருந்தும் பயந்துவிட்டார்கள். தராசு முள் கீழே போவதைப் பார்க்கும்போது விளக்கம் நினைவில் நிற்காது போல. கெண்டைக்காலும் 30-இலிருந்து 28-க்கு வந்தது. அதுதான் உண்மை அளவு.

புண் செப்டம்பர் முதல் வாரத்தில் மூடியது. அக்டோபரில் எடை 45.6. கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார்ந்தார், 17 வினாடி. பிடிவலு 15. சர்க்கரை சராசரி 7.4-இலிருந்து 7.2. சோறும் எண்ணெயும் கூட்டினால் சுகர் எகிறும் என்று பயந்தார்களே, அது நடக்கவில்லை. ரஸ்க்கும் வெறும் கஞ்சியும் போய்ப் பயறும் முட்டையும் வந்தால் சாப்பாட்டுக்குப் பிறகான ஏற்றம் தணியும். கிரியாட்டினின் 0.8-லேயே நின்றது. பிறகு விழவில்லை.

இதில் எவ்வளவு புரதத்தால், எவ்வளவு மற்றதால்? புண்ணுக்கு முறையாகக் கட்டுப் போட்டார்கள், சீழுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், வீக்கம் போனது. வீங்கிய காலில் புண் ஆறுவது எப்போதுமே தாமதம்தான். நடை தேறியதில் பி12 ஊசிக்கும் நாற்காலிப் பயிற்சிக்கும் பங்கு உண்டு. எடையும் பிடிவலுவும் கூடியதைச் சாப்பாட்டுக்கு எழுதலாம், அதிலும் கலோரிக்கும் புரதத்துக்கும் தனித்தனியாகப் பங்கு பிரிக்க ஒரே ஒரு நோயாளியை வைத்து முடியாது.

நவம்பரில் மகன் மறுபடி மாலை போட்டார். போன ஆண்டு எல்லாம் தொடங்கிய இடம் அது. பாட்டிக்காகத் தனியாக மீன் சமைக்கலாமா என்று மருமகள் கேட்டார். பாட்டியே ஒத்துக்கொள்ளவில்லை. விரத வீட்டில் மீன் சட்டி ஏறாது என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மண்டல காலத்துக்குச் சைவத் திட்டம் போட்டோம். காலைப் பயறு 30 கிராமிலிருந்து 45 ஆயிற்று. மத்தியானம் மீனின் இடத்தில் சோயா மீல்மேக்கர். 25 கிராம் உலர்ந்த உருண்டையில் 13 கிராம் புரதம் இருக்கிறது, வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, மிக்சியில் ஒரு சுற்று விட்டுத் துவரனாக்கினால் பல் வேண்டாம். சாயங்காலம் காணம் வேகவைத்து மசித்தது, சில நாள் உளுந்தஞ்சோறு. பால் இரண்டு டம்ளர். 50 கிராம் வரை வந்தது. தாவரப் புரதம் கொஞ்சம் குறைவாகவே செரிமானமாகும், ஆகவே 55-ஐத் தொட்டால் நல்லது என்றேன். தொடவில்லை. மகரவிளக்கு முடிந்து எடை பார்த்தபோது 46.8. குறையவில்லை, அது போதும். கார்த்திகையில் ஓரிரு நாள் வாயு என்று பயறைத் தள்ளிவிட்டதாகப் பேரன் காட்டிக்கொடுத்தான். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரை மாற்றி வேகவைக்கச் சொன்னேன்.

பிடிவலு இப்போது 16. இன்னும் 18-க்குக் கீழேதான். 71 வயதில் ஏழெட்டு மாதத்தில் இழந்த சதை அதே வேகத்தில் திரும்பாது. பல் செட் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. ஈறு புண்ணாகிறது என்கிறார், பல் மருத்துவரிடம் சரி செய்ய அனுப்பியிருக்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறை கிரியாட்டினினும் சிறுநீர்ப் புரதமும் பார்க்க வேண்டும், சுகர் உள்ளவர் என்பதால் அதில் விலக்கில்லை. அது மாறினால் இலக்கையும் மாற்றுவோம்.

கடைசி வருகையில் மருமகளின் சாப்பாட்டையும் எழுதி வாங்கினேன். மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர். வயது 38, எடை 57 கிலோ. காலையில் நின்றபடியே இரண்டு இட்லி, மத்தியானம் டிபன் பாக்ஸில் சோறும் சாறும் துவரனும், ராத்திரி எல்லோரும் தின்ற பிறகு மிச்சம். கணக்கில் வந்தது 33 கிராம். அவருக்கு 47 வேண்டும். தனிக் கிண்ணம் இப்போது இரண்டாக இருக்கிறது.